நாலு மணி நேர ஃப்ரீசர்

சென்ற மாதம் மலேசியாவில், எங்கள் சிரம்பானில் ஒரு கருத்தரங்கு. பேச வந்த பொருளாதாரப் பேராசிரியர் திரையில் படம் போட்டு விளக்கினார். இயந்திரமும் முதலும் குறைவாக இருப்பதால் மட்டும் ஒரு நாடு பின்தங்குவதில்லையாம். இருக்கிற கொஞ்சமும் அதைப் பயன்படுத்தத் தெரியாத நிறுவனங்களிடம் போய் உட்கார்ந்துகொள்வதும் காரணமாம். தெரிந்த நிறுவனம் வாசலில் நிற்கும், தெரியாத நிறுவனம் உள்ளே காலாட்டிக்கொண்டிருக்கும், மொத்த உற்பத்தியும் படுத்துவிடும். அரங்கமே தலையாட்டியது. பக்கத்து நாற்காலிக்காரர் திரையைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதைக் கண்டுபிடிக்க இத்தனை பேர் இவ்வளவு படிக்க வேண்டுமா? எங்கள் பெரியப்பா வீட்டு முன்னறையை ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் போதுமே. பிறரைச் சொல்வானேன், நானே இதே பாடத்தைக் காசு கட்டிப் படித்து, பரீட்சையில் சுமாராகத்தான் எழுதினேன்.

போர்டிக்சன் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், எங்கள் அப்பா அங்கே புகைக்கூடத்தில் வேலை செய்தார் என்று பொருள். எங்கள் லயத்திலேயே, அந்த வரிசை வீடுகளில், நாலு வீடு தள்ளிப் பெரியப்பா குடியிருந்தார். அவர் வேலை பார்ப்பவர் அல்லர், கம்பெனி நடத்துபவர். வீட்டு வாசலுக்கு மேலே அவர் பெயரும், பெயருக்குப் பின்னால் ‘அண்ட் சன்ஸ்’ என்றும் எழுதிய பலகை தொங்கியது. அவருக்கு மூன்றும் பெண்கள்.

கம்பெனி முதலில் கருவாடு விற்றது. பிறகு பிளாஸ்டிக் பூ விற்றது. விற்றது என்று மரியாதைக்குச் சொல்கிறேன்; வாங்கி வைத்தது. அந்தச் சமயத்தில்தான் சிறு வியாபாரிகளுக்கு உதவும் ஓர் அலுவலகம், பதிவு செய்த கம்பெனிகளுக்கு இயந்திரம் கொடுக்கிறது என்று பெரியப்பா கேள்விப்பட்டார். அதிகாரி வந்தார், பலகையைப் பார்த்தார், பலகை நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த மாதம் லாரியில் ஒரு ஃப்ரீசர் வந்து இறங்கியது. வெள்ளை வெளேரென்று, ஆள் படுக்கலாம் போல நீளம். அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, முன்னறையில் நாற்காலிகளை அப்புறப்படுத்திவிட்டு வைத்தார்கள். உறைந்த மீன் வியாபாரம் செய்யப்போவதாகப் பெரியப்பா அறிவித்தார்.

இங்கே ஒரு சிறு விவரம். எங்கள் லயத்தில் தோட்டத்து ஜெனரேட்டர் கரண்டுதான். மாலை ஆறு மணிக்கு வரும், பத்து மணிக்குப் போய்விடும். ஃப்ரீசர் கொடுத்த அதிகாரி காலை பதினோரு மணிக்கு வந்து போனவர் என்பதால் அவருக்கு இது தெரியாமல் போயிருக்கலாம். பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மீன் வியாபாரம் இரண்டாம் நாளே நாறியது, உவமையாகச் சொல்லவில்லை. அதன்பிறகு ஃப்ரீசரைக் கழுவித் துடைத்து, அதில் விற்காத பிளாஸ்டிக் பூக்களையும் தீபாவளி உடுப்புகளையும் வைத்தார்கள். தோட்டத்திலேயே ஃப்ரீசர் உள்ள வீடு என் பெரியப்பா வீடுதான் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்த கழுதை நான்.

என் அத்தை, அப்பாவுக்குத் தங்கை, கல்யாணமாகி, போர்டிக்சன் கடற்கரையோரம் சி ரூசா என்ற ஊரில் வாடகை வீட்டில் இருந்தாள். மாமா லாரி ஓட்டினார். அந்த வீட்டில் இரவும் பகலும் கரண்டு உண்டு. கம்பெனி கிடையாது, பலகை கிடையாது. நீளமான பிளாஸ்டிக் குழாய்ப் பைகளில் தேங்காய்ப்பாலும் சிவப்பு பீன்ஸும் ஊற்றி, நுனியை ரப்பர் பேண்டால் கட்டி, தன் சின்ன ஐஸ்பெட்டியின், அதாவது ஃப்ரிட்ஜின், மேல்தட்டில் உறையவைப்பாள். கட்டியானதும் நுனியைக் கடித்து உறிஞ்ச வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கொண்டுபோனால், வெயில் ஏறுமுன்பே எல்லாம் காலி. வாங்க வந்து ஏமாந்து போகிறவர்கள்தான் அதிகம். மேல்தட்டு அவ்வளவுதான் கொள்ளும்.

ஒருநாள் பக்கத்து இராணுவ முகாமின் கேன்டீன் பொறுப்பாளர், ஒரு மலாய்க்காரர், அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, தினமும் முகாமுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். வருகிற ஞாயிறு முகாமில் விளையாட்டுப் போட்டி. அன்றைக்கு நிறையக் கொண்டுவந்து காட்டு, சரியாக இருந்தால் தினமும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அத்தை அன்றே பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“சின்னண்ணே, அந்தப் பெட்டிய நீங்கதான் கேட்டுக் குடுக்கணும். நான் கேட்டா, பொம்பளைக்கு என்ன வியாபாரம்னு பெரியண்ணன் ஆரம்பிச்சிடுவாரு.”

அப்பாவுக்கு யார் மனமும் நோகக்கூடாது. அதனால் அவர் எடுத்த எந்த முடிவிலும் எல்லார் மனமும் கொஞ்சம் கொஞ்சம் நொந்தது. அப்பாவும் அத்தையும் பெரியப்பா வீட்டுக்குப் போனார்கள். ஃப்ரீசர் மூடிமேல் உட்கார இடம் கிடைக்குமென்று நானும் போனேன்.

“குடுக்க மாட்டேன்னு சொல்லலைலா,” என்றார் பெரியப்பா. “பெட்டி பதிஞ்ச எடத்துலதான் இருக்கணும். ஆபிசர் திடீர்னு வந்து எங்கய்யா பெட்டின்னா, தங்கச்சி வீட்டுல ஐஸ் விக்கிதுன்னு சொல்றதா? கம்பெனி மானம் என்னாவுறது?”

“பெட்டிக்குள்ள பாவாடை சட்டைதானண்ணே இருக்கு.”

“அது வீட்டு சாமான். அடியில இருக்கு பாரு பூ, அது ஸ்டாக்கு.”

“அந்த ஸ்டாக்குக்கு எதுக்குண்ணே குளிரு?”

பெரியம்மா சட்டென்று எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தாள்.

அப்பா யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பெட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அத்தை பைகளைக் கட்டித் தோட்டத்துக்குக் கொண்டுவரட்டும். கரண்டு இருக்கிற நாலு மணி நேரத்தில் உறையவைக்கட்டும். காலையில் முதல் பஸ்ஸில் கொண்டுபோகட்டும். இரவும் பகலும் கரண்டு உள்ள வீட்டிலிருந்து நாலு மணி நேரக் கரண்டு உள்ள வீட்டுக்கு உறைவதற்காகப் பால் பயணம் செய்யும். இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. பெரியப்பா பெருந்தன்மையோடு சம்மதித்தார். அத்தை அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். வேறு வழி இருக்கவில்லை.

சனிக்கிழமை மாலை. கரண்டு வந்த நொடியே அத்தை சுவிட்சைத் தட்டினாள். ஃப்ரீசர் ஒரு குலுக்குக் குலுக்கி உறும ஆரம்பித்தது. லயம் முழுக்க விளக்குகள் மங்கின. அன்றைக்குப் பார்த்துத் தொலைக்காட்சியில் தமிழ்ப்படம்; கரண்டு குறைந்ததில் திரையில் படம் சுருங்கிப்போனது. பக்கத்து வீட்டு அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

“பெரியவரே, ஒங்க கம்பெனிய கொஞ்சம் அடைங்க. கதாநாயகி குள்ளமாயிட்டா.”

“கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்கண்ணே,” என்றாள் அத்தை. “நாளைக்கு முகாமுக்குக் குடுக்கணும்.”

“நாங்களும் வாரம் பூரா பொறுத்துக்கிட்டுத்தானம்மா இருந்தோம்.”

அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பெரியப்பா மூடியைத் திறந்து காட்டினார். ஃப்ரீசர் முதன்முதலாக வேலை செய்கிறதே, பெருமை இருக்காதா? “கைய வச்சிப் பாருங்க, எப்படி ஜில்லுன்னு.” ஒவ்வொரு முறையும் அத்தை ஓடிவந்து மூடினாள். கடைசியில் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். படத்தில் முடிவுக் கட்டம் நெருங்கியபோது வாசலில் கூட்டம் பெருத்துவிட்டது.

“எறங்கு தங்கச்சி. நாலு சனத்தோட இருக்கிறோம். ஒத்துமை முக்கியம்லா,” என்று பெரியப்பா சுவிட்சை அணைத்தார்.

விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. கதாநாயகி வளர்ந்தாள். வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். படம் முடிந்து மறுபடி சுவிட்சைப் போட்டபோது ஜெனரேட்டருக்குக் கொஞ்சம்தான் ஆயுள் மிச்சமிருந்தது. அத்தை பைகளைச் சாக்கில் சுற்றினாள், மரத்தூள் கொட்டினாள், மேலே தன் புடவையையும் போர்த்தினாள்.

காலையில் அவளோடு நானும் முகாமுக்குப் போனேன். கேன்டீன் பொறுப்பாளர் ஒரு பையை எடுத்து நிமிர்த்திப் பிடித்தார். அது தலை கவிழ்ந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் கவிழ்ந்தது. தண்ணீர் இங்கே குழாயிலேயே வருகிறது, அக்கா, என்று மலாயில் மரியாதையாகச் சொன்னார். மறுநாள் முதல் ஏதோ ஓர் ஐஸ் கம்பெனி முகாமுக்கு அனுப்பத் தொடங்கியது. திரும்பி வரும் வழியில் நான் குடிக்கிற அளவுக்குக் குடித்தேன். எனக்கு அது நல்ல நாள்.

அந்த வருடக் கடைசியில் அதிகாரி மறுபடியும் வந்தார், பதினோரு மணிக்கே. ஃப்ரீசர் கீறல்கூட இல்லாமல் புதிதுபோல இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துபோனார். இவ்வளவு பொறுப்பான கம்பெனிக்கு அடுத்த இயந்திரம் கொடுக்கலாமென்று எழுதிவிட்டுப் போனார். மாவரைக்கும் இயந்திரம் வந்தது. அதற்கும் சூடம் காட்டினோம்.

அத்தை ஐஸ் போடுவதை விட்டுவிட்டு, சிரம்பான் பக்கம் மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். வீட்டு முனைக்கே பஸ் வந்து அழைத்துப் போகும். உள்ளே ஏர்கோன் குளிர் தாங்காது, சுவெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்று சொன்னாள். அத்தைக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்றுதான் வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டோம்.

முதல் சம்பளத்தில் என்னைப் போர்டிக்சன் டவுனுக்கு அழைத்துப்போய், ஒரு கடையில் கப் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள். மரக்கரண்டியோடு வருவது.

“நீ செய்றதவிட இது நல்லாருக்கு அத்தை,” என்றேன்.

“அப்படியா மருமவளே,” என்றாள்.

தனக்கென்று எடுக்கப் போனவள், கடைக்காரரின் பெட்டி மூடியைத் திறந்தபடியே நின்றாள். ஒன்றையும் எடுக்கவில்லை. கையை மட்டும் அடிவரைக்கும் விட்டு, ஓரமெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூடும்மா, குளிரு போவுது,” என்றார் கடைக்காரர்.

அப்போதும் அவள் நகரவில்லை. நாள் முழுக்க ஏர்கோனில் நடுங்கிவிட்டு வருகிறவளுக்கு, கடைக்காரர் பெட்டிக் குளிரில் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பஸ் போய்விடும் என்று அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். விரல்கள் மரத்துப்போய், என் கையைத் திரும்பப் பிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.