ஹில்டாவுக்குக் கொழுப்பு

கண்ணாடிக் குழாயை இடுக்கியில் பிடித்து ஸ்பிரிட் விளக்கின் மேல் ஆட்டிக்கொண்டே, தெருவில் போகிறவர்களின் வணக்கத்துக்குத் தலையசைப்பார் பாஸ்கல். குழாயில் இருப்பது மருந்துக்கடை நீலத் தண்ணீரும், அவர் மனைவி ஹில்டாவின் காலை மூத்திரமும். அந்த வாடை அடுப்பங்கரைப் பக்கம் வரக்கூடாது என்று ஹில்டா சொல்லிவிட்டதால், வாசலில் முக்காலி போட்டு, ராயபுரத்தின் அந்தச் சந்து முழுவதும் பார்க்க இந்தக் காரியம் நடக்கிறது. கொதித்தபின் நீலமாகவே நின்றால் மூத்திரத்தில் சர்க்கரை இல்லை என்று அர்த்தம். பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூடுதல். செங்கல் நிறம் வந்துவிட்டால் அன்றைக்கு மனுஷர் நாஸ்தாவைத் தொடமாட்டார்.

பால்காரர் முதல் மாதா கோயில் உபதேசியார் வரை எல்லோருக்கும் நிறம் பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. "இன்னா பாஸ்கலு, இன்னிக்கு பச்சையா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். அவருக்குக் கோபம் வருவதில்லை. தண்ணீர்ப் பானை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே 'ஹில்டா, தண்ணி' என்று குரல் கொடுத்த மகாராஜா இவர். எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் நான் அந்தக் குரலைத் தினம் கேட்டவன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கட்டைக் குட்டையான உடம்பு, வெயிலில் வெந்த கழுத்து, சத்தத்திலேயே இருந்து கொஞ்சம் மந்தமாகிவிட்ட காது. கப்பலடியில் வாய்ப்பேச்சு எடுபடாது என்பதால் கையாலேயே பேசிப் பழகிவிட்டார். கட்டைவிரலை மேலே நீட்டினால் 'தூக்கு', கவிழ்த்தால் 'இறக்கு'. வீட்டிலும் அதேதான். குழம்பு இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டால் கட்டைவிரல் பதில் சொல்லும். பெண் பார்க்கப் போன இடத்திலும் இப்படித்தான் சம்மதம் சொன்னார் என்று ஹில்டா சிரிப்பார். சிரித்த காலம் ஒன்று இருந்தது.

ஹில்டாவின் குரலைப் பற்றிச் சொல்லாமல் இவர் கதை நகராது. கார்ப்பரேஷன் குழாயடியில் ஹில்டா வாய் திறந்தால் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும். எதிர்க்கட்சி பக்கத்து வீட்டு ஜீனத். குடத்தை யார் முன்னால் வைத்தது என்பதில் தொடங்கி இரண்டு பேரும் வம்சாவளி வரை போய் வருவார்கள். சாயங்காலம் ஜீனத் வீட்டிலிருந்து மூடிய கிண்ணத்தில் பிரியாணி வரும், ஹில்டா மீன் வறுவலை அனுப்புவார். மறுநாள் காலை மறுபடியும் குடம்.

அந்த ஹில்டா மெள்ள மெள்ள அடங்கிப்போனார். சர்க்கரை ஏற்கெனவே உண்டு, அதற்கு மாத்திரையும் உண்டு. இது வேறு மாதிரி. உட்கார்ந்த இடத்தில் தூங்கினார். சித்திரை வெயிலில் சால்வை போர்த்தினார். முகம் உப்பி, தலைமுடி உதிர்ந்து, குரல் ஜலதோஷம் பிடித்த ஆம்பிளை மாதிரி கரகரத்தது. கூப்பிட்டால் பதில் வர நேரமானது. பாஸ்கலுக்கு வைத்தியமும் தெரியும், நோயும் தெரியும். ஒரே வார்த்தை. "கொழுப்பு சாரு. கூப்டா ஏன்னு கேக்குதா பாரு. பொண்ணுக்கு கல்யாணம் பண்ணி அனுப்பிட்டோம், இனிமே இவன் இன்னா கேக்கறதுன்னு கொழுப்பு."

காலையில் காப்பி தாமதமானால் கொழுப்பு. பூசைக்கு வராமல் படுத்துவிட்டால் கொழுப்பு. சந்தும் அதை ஒத்துக்கொண்டது. ஒருத்தியைத் தவிர.

ஒருநாள் ஜீனத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாஸ்கல் வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். "பாஸ்கலண்ணே, ஹில்டாக்கா கொடத்த எட்டித் தள்ளிட்டு என் கொடத்த வெச்சேன். வேணும்னேதான் வெச்சேன். ஒரு வார்த்தை கேக்கல அது. கம்முனு நின்னுகினு கீது. அதுக்கு இன்னாமோ ஆயிட்சு, டாக்டராண்ட இட்டுகினு போங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள். கட்டிய புருஷனுக்குத் தெரியாததைச் சண்டைக்காரி கண்டுபிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹில்டாவின் குதிகால் நரம்பைச் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்த அன்று இருவரையும் உட்காரவைத்து, "உங்க சம்சாரத்துக்கு ரத்தத்துல கொழுப்பு ரொம்ப ஏறியிருக்கு" என்றார். பாஸ்கல் முந்திக்கொண்டு, "அத்தத்தான் டாக்டர் நானும் வருசக்கணக்கா சொல்லிகினு கீறேன்" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி உண்டு, அது வேலை செய்வதை நிறுத்திக்கொண்டுவிட்டது, மந்தமும் தூக்கமும் குளிரும் கரகரப்பும் அதனால் வந்தவை, ரத்தத்தில் கொழுப்பு சேர்ந்ததும் அதனால்தான் என்று விளக்கினார். இத்தனை நாள் எப்படி நடமாடினார் என்று ஆச்சரியப்பட்டாராம்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் பாஸ்கல் நாக்கை நீட்டி விரலால் பிடித்துக் காட்டுவார். "இத்த அங்கியே அறுத்துப் போட்டிருக்கணும் சாரு. அது பக்கத்துலதான் குந்திகினு இருந்துச்சு. என்னைத் திரும்பிக்கூட பாக்கல. தரையப் பாத்துச்சு." மனுஷர் இதை என்னிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். ஹில்டாவிடம் ஒரு முறையாவது சொன்னாரா என்று கேட்டேன். கட்டைவிரல் கவிழ்ந்தது.

சொல்ல முடியாததைச் செய்துகாட்டப் போனதில்தான் வந்தது வினை. தைராய்டு மாத்திரையில் கால் பங்கு, காலையில் வெறும் வயிற்றில், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த உடம்பு, போகப் போகக் கூட்டலாம் என்றும் சொல்லியிருந்தார். பாஸ்கலுக்குப் பொறுக்கவில்லை. வருஷக்கணக்கில் செய்த பாவத்தைக் கால் மாத்திரையில் கழிப்பதா? முழுசாகவே கொடுத்தார். டாக்டர் கூட்டச் சொன்னார் என்று ஹில்டாவிடம் ஒரு பொய்.

ஹில்டா எழுந்தார். சத்தியமாக எழுந்தார். சால்வை மூலைக்குப் போனது, முகத்தின் உப்பல் வடிந்தது. ஒரு காலையில் குழாயடியில், "யாருடி அது என் கொடத்துமேல கைவெச்சது?" என்று பழைய குரல் கேட்டது. ஜீனத் பதிலுக்குக் கத்திக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாஸ்கல் முக்காலியிலிருந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலை மேலே நீட்டினார். அன்று கண்ணாடிக் குழாயில் செங்கல் நிறம் வந்திருந்தது. சந்தோஷத்தில் அதை அவர் பொருட்படுத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாதா கோயில் படியில் ஹில்டா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேர்த்து ஊற்றியது. கைவண்டியில் வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

உயிர் தப்பியது. டாக்டர் பாஸ்கலைத் தனியே அழைத்துப் போட்ட போடு வராந்தாவில் இருந்த எங்களுக்கே கேட்டது. கொழுப்பு அடைத்த குழாய்களோடு இருக்கிற இதயத்தை ஒரேயடியாக ஓடவைத்தால் தாங்குமா? அந்த மாத்திரை கூடினால் சர்க்கரையும் ஏறும், அதற்கான மருந்தைக் கூடவே சரிசெய்ய வேண்டாமா? மந்தத்தைப் போக்க வேண்டும், கொழுப்பைக் குறைக்க வேண்டும், சர்க்கரை ஏறவிடக் கூடாது, இதயத்தையும் வருத்தக் கூடாது. எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தது.

"ரொம்ப நாளா கெடந்த லோடு சாரு. நான் எப்பிடித் தூக்குவேன்? சங்கிலியக் கொஞ்சங்கொஞ்சமா இறுக்கி, ஒரு விரக்கடை தூக்கி, நிறுத்திப் பாத்து, அப்பால தூக்குவேன். முன்ன பின்ன தெரியாத ஜப்பான்காரன் பொட்டிய அப்பிடித் தூக்குறேன். என் பொண்டாட்டிய வெடுக்குன்னு இழுத்துட்டேனே" என்று வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார். ஜீனத்துக்கு முன்னால் அழுகிறோம் என்ற வெட்கம்கூட இல்லை.

அதற்குப் பின்புதான் முக்காலி வைத்தியர் அடுப்பங்கரைக்குள்ளும் அவதாரம் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக் கறியிலிருந்து கொழுப்பை நகத்தால் கிள்ளி எடுப்பார். முட்டையின் மஞ்சள் அவருக்கு, வெள்ளை ஹில்டாவுக்கு. சோற்றைக் குறைத்துக் களியை அவரே கிண்டுவார், கட்டியும் முட்டியுமாக. 'உங்க களியத் துன்றதுக்கு நோயே தேவல' என்று ஹில்டா கரகரத்த குரலில் சொன்னபோது, திட்டுகிறாளே என்று மனுஷருக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. போன மாதம் டாக்டர் ரத்தத்தையும் நெஞ்சையும் பார்த்துவிட்டு, இனி அரை மாத்திரையாக்கலாம், பயமில்லை என்றார். பாஸ்கல் தலையாட்டிவிட்டு வந்தார். வந்தவர் கால் மாத்திரையைத் தாண்டவே இல்லை. ஹில்டாவின் சால்வை இறங்கவில்லை, மத்தியானத்தில் அரிசி புடைத்தபடியே தூங்கிவிடுகிறார். நான் கேட்டேன். "கால் மாத்திரைல உயிரோட கீது இல்ல சாரு? அது போதும்" என்றார். அது போதுமா என்று படுத்திருக்கிறவரைத்தானே கேட்க வேண்டும்?

நேற்றுக் காலை பேப்பர் வாங்கிவரக் கீழே போயிருந்தேன். குழாயில் இளம்பச்சை. பாஸ்கல் மாத்திரையைப் பிளேடால் நான்காக வெட்டி ஒரு துண்டை ஹில்டாவின் கையில் வைத்தார். ஹில்டா கையை மூடவில்லை.

"டாக்டரு அரைன்னாரு. நானும் அங்கதான்யா இருந்தேன்."

"வேணாம் ஹில்டா. மாருல வலி வந்துட்டா?"

"வந்தா வரட்டும். இப்பிடி தூங்கிகினே சாவறதுக்கு நான் வரல."

பாஸ்கல் என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன். பாஸ்கல் இன்னொரு துண்டை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார். வைத்தவருக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை. ஹில்டாவின் கையை அப்படியே பொத்திப் பிடித்துக்கொண்டார். ஹில்டா அவசரப்படவில்லை. இடது கையால் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, இரண்டு துண்டையும் வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார்.