தலைமடை முதல் கடைமடை வரை

“மனு எழுதத் தெரிஞ்சா ஊர ஒண்ணாக்கிறலாம்னு நெனப்பா ஆத்தா ஒனக்கு?” என்று கேட்டார் என் தாய்மாமா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கீரனூரில் எட்டாவது முடித்தவள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. அதனால் கேள்வி சுருக்கென்று தைத்தது.

நாடு விடுதலை பெற்ற வருஷம் இது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் தனியாகவே இருக்கவேண்டும் என்று ஊரில் பாதி, இந்தியாவோடு சேரவேண்டும் என்று மீதி. மாமா மகாராஜா பக்கம், அப்பா எதிர்ப்பக்கம். ஒரு பக்கத்தார் வீட்டுக் கல்யாணத்துக்கு மறுபக்கத்தார் போவதில்லை. அந்த நேரம் பார்த்து ஆவணி மழையில் கண்மாய் மடை பெயர்ந்து, கரையும் உடைந்தது. ஐப்பசி மழைக்குள் அடைக்காவிட்டால் இந்த வருஷம் நெல் கிடையாது. கல் வைத்துக் கட்டத் தாசில்தார் கச்சேரி உத்தரவு வேண்டும்.

அப்பா சொல்லச் சொல்ல ஒரு மனு எழுதினேன். மகாராஜா பக்கத்தாரின் அலட்சியத்தால் மடை போயிற்று என்றிருந்தது. மறுநாள் மாமா வந்தார். அவருக்கும் எழுதிக்கொடுத்தேன். ஊரில் வேறு யாருக்கும் மனு எழுத வராது; கேட்டவர்களுக்கெல்லாம் எழுதுவதுதான் படித்தவள் கடமை என்று நினைத்தேன். பழி சொன்ன வரியில் ஆட்களை மட்டும் மாற்றினேன்.

இரண்டும் ஒரே கட்டாகத் திரும்பி வந்தன. மேலே சிவப்பு மையில்: ‘ஒரே ஊர், ஒரே கையெழுத்து, இரண்டு புகார். ஊரார் கூடி ஒரே மனு தரவும்.’

ஊரே என்மேல் பாய்ந்தது. ஒரே மனுவாக எழுதுகிறேன் என்றேன். அப்போதுதான் மாமா அப்படிக் கேட்டார்.

கண்மாய்க் கரைக்கு எல்லாரையும் அழைத்து, இரண்டு மனுவையும் நானே உரக்கப் படித்தேன். இரண்டாவது பாதி தாண்டுவதற்குள் நாற்று நடும் பெண் ஒருத்தி சிரித்துவிட்டாள்.

“ஒரே வசவ ஆளுக்கொருதரம் வஞ்சிருக்கீங்களே! ஒடஞ்சது எந்தக் கச்சி மடைங்க?”

சிரிப்பு பரவியது. பழி சொல்லாத மூன்றாவது மனுவை அங்கேயே எழுதினேன். ஆனால் முதல் கைநாட்டு யாருடையது? மறுபடி சத்தம் கிளம்பியது.

“மாமா, தண்ணி பாயுறப்ப மொத வயலு யாருது?”

“தலைமடையில எங்க வயலு. அடுத்தது ஒங்கப்பன் வயலு. அதுக்கென்ன இப்ப?”

“அந்த வரிசையிலயே வைங்க.”

தண்ணீர் முறையில் யாரும் இதுவரை கட்சி பார்த்ததில்லை. இரு பக்கத்தார் வயல்களும் கலந்தேதான் கிடந்தன. மாமா முனகிக்கொண்டே கட்டைவிரலை மையில் ஒற்றினார். அடுத்து அப்பா. கடைமடை வரை முடிந்ததும் சிரித்தவள் முன்னால் வந்தாள்.

“காணியில்லாதவளுக்கு ஏது வரிசை?” என்றார் ஒருவர்.

“நாத்து தானா நட்டுக்கிருதாக்கும்?” என்றாள் அவள். தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.

உத்தரவு வந்தது. இரு பக்கத்தாரும் மண் சுமந்தார்கள். மழைக்கு முன் கரை இறுகியது. சமஸ்தானமா இந்தியாவா என்ற வாதம் ஓயவில்லை. இப்போது ஒரே கரையில் உட்கார்ந்து வாதாடுகிறார்கள்.

இனிக் கண்மாயைப் பார்த்துக்கொள்ள ஐந்து பேரைக் கைதூக்கித் தேர்ந்தெடுப்பதாக முடிவாகியிருக்கிறது. நிற்பவர்கள் பட்டியலை எழுதும் வேலை என்னுடையது. நேற்று ஆறு ஆண்களின் பெயர்களை எழுதினேன். ஏழாவதாக என் பெயரை எழுதி, சாவடிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன்.