தையல்நாயகி மன்னிக்கிற அத்தியாயம்

நாவலை எழுதி முடித்தவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று யாராவது சொன்னால், அவர்கள் பிள்ளையார்பாளையத்து மங்கையர்க்கரசியைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். ஆவணியில் முடித்தாள். ஐப்பசி பிறந்தும் இருப்புக் கொள்ளவில்லை. குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு விசில் வந்ததா இல்லையா என்று விழித்துக்கொண்டு நிற்பாள். தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போனைத் தேடுவாள். நாவல் முழுக்க அந்தப் போனில்தான் இருந்தது. எல்லாம் கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுதியது.

சென்னைப் பதிப்பகத்து அம்மா நாவலைப் படித்துவிட்டுப் போனில் பிரியமாகத்தான் சொன்னார். "எல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம். கடைசில அந்த அக்கா மன்னிக்கிறாங்க பாருங்க, அது மட்டும் ஒட்டல. திருத்தி அனுப்புங்க, புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டு வந்துடலாம்."

ஒட்டவில்லையாம். எப்படி ஒட்டும்? அந்த அக்கா இன்னும் மன்னிக்கவே இல்லையே.

பெயரைத்தான் மாற்றியிருந்தாள். மற்றபடி கதையில் வருவது அவளுடைய சொந்த அக்கா தையல்நாயகிதான். ஷேர் ஆட்டோவில் ஏறினால் அக்கா இருக்கும் ஐயம்பேட்டை எத்தனை தூரம்? ஆனாலும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா மகள் சந்தியாவின் கல்யாணத்தோடு நின்றது.

சந்தியாவின் முகூர்த்தச் சேலையை மங்கையின் புருஷன் உதயகுமார் நெய்வதாக ஏற்பாடு. தறியில் பாவு ஏற்றிய அன்று அக்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, குங்குமம் வைத்து, நூல் கோத்த நாடாவை முதல் தடவை தன் கையாலேயே ஓட்டினாள். பெண்ணைப் பெற்றவள்தான் முதல் இழையைப் போட வேண்டும், அது அவர்கள் வீட்டு வழக்கம். ஒரு பாவில், அதாவது ஒருமுறை தறியில் ஏற்றிய நூலில், மூன்று சேலை வரும். முதல் சேலையை அறுத்த அன்றைக்கே பட்டுக்கடை முதலாளி வந்து நின்றார், பெரிய இடத்துக் கல்யாணம், அவசரம் என்றார். அக்கா இழை போட்ட அந்தச் சேலையை மங்கை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அதே பாவு, அதே அரக்கு, அதே கரை. அக்காவுக்கு இரண்டாவதைக் கொடுத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? உதயகுமார் மட்டும் பந்தியில் உட்கார்ந்து, முதல் சேலையைக் கடைக்காரர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப்போன பெருமையை உளறாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா கத்தவில்லை. கையிலிருந்த தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள், அவ்வளவுதான்.

அந்த அக்காவைத்தான் மங்கை விதவிதமாக மன்னிக்க வைத்துப் பார்த்தாள். மழையில் நனைய விட்டு மன்னிக்க வைத்தாள். கோயில் பிரகாரத்தில் கட்டிப்பிடித்து அழ வைத்தாள். ஒருமுறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, ஐயோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அதை அழித்தாள். எதைத் திரும்பப் படித்தாலும் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"நேராப் போய்ப் பார்த்துட்டு வாயேம்மா," என்றான் உதயகுமார், தறியை நிறுத்தாமலே. "இங்க குந்திக்கினு என் உயிரை எடுக்கறே."

"எல்லாம் உங்க வாயால வந்தது."

"வாய் என்னுது. சேலையை எடுத்துக் குடுத்த கை யாருது?"

மறுநாள் மங்கை ஐயம்பேட்டைக்குக் கிளம்பினாள்.

தையல்நாயகி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்க் காபி கலந்தாள். மங்கையின் மனசு சும்மா இருந்ததா? அக்காவின் காதோரத்து நரை, கதவைத் திறந்தபோது தாழ்ப்பாளை விடாத கை, எல்லாவற்றையும் அது பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. சீ, நானெல்லாம் என்ன ஜென்மம் என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"கதை எழுதறியாமே," என்றாள் அக்கா. "சந்தியா ஃபேஸ்புக்ல பார்த்துட்டு சொன்னா. நான் வர்றேனா?"

"வர்றேக்கா."

"சேலை?"

"அதுவும் வருது."

தையல்நாயகி காபியை ஆற்றிக்கொண்டே நின்றாள். "கடைசில நான் என்னா பண்றேன்?"

"மன்னிச்சிடறே."

"அதை எடுத்துடு," என்று சொல்லி டம்ளரை நீட்டினாள். "குடி, ஆறிடப் போவுது."

திரும்பி வருகையில் ஆட்டோவில் பக்கத்திலிருந்தவர்கள் பார்ப்பதைக்கூட லட்சியம் பண்ணாமல் அழுதாள். அழுதுகொண்டே பழைய அத்தியாயத்தை அழித்தாள். மன்னிப்பு இருந்த இடத்தில் காபியையும் அக்கா சொன்னதையும் அப்படியே எழுதினாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது முடிந்திருந்தது. படித்தபோது கூசவில்லை. ஒட்டிவிட்டது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் காலையில் போன் அடித்தது. திரையில் அக்காவின் பெயரைப் பார்த்ததும் மங்கை அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தாள்.

"எடுத்துட்டியா?"

எடுத்துட்டேன் என்று வாய் வரைக்கும் வந்ததை மங்கை விழுங்கினாள். "இன்னும் இல்லக்கா. பார்த்துக்கினு இருக்கேன்."

"என்னாத்த பார்க்கறே? நாளைக்குக் கேப்பேன்," என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள்.

சொன்னபடியே மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். போகப் போக சந்தியாவுக்கு இது எத்தனையாவது மாசம் என்பதும், மோட்டார் ரிப்பேரான கதையும் சேர்ந்து வந்தன. மார்கழியும் வந்துவிட்டது. பதிப்பகத்து அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த வாரத்துக்குள் வராவிட்டால் அடுத்த வருஷம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். மங்கை மறுபடியும் குட்டி போட்ட பூனையாக வீட்டைச் சுற்றி வந்தாள்.

"அதான் எப்பவோ முடிச்சிட்டியே," என்றான் உதயகுமார். "அனுப்பித் தொலையேம்மா."

"அனுப்பிட்டா?" என்றாள் மங்கை. "அப்புறம் அக்கா என்னாத்த கேக்கறதுக்குப் போன் பண்ணும்?"