பழைய போனுக்கான வரிகள்

கவரேஜ் ரிப்போர்ட்டில் புரோகிராமின் ஒரு வரி பச்சையாக இருந்தால், சோதனை அந்த வரியைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு என்றால் ஒரு தடவைகூடத் தொடவில்லை. போடியில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மொபைல் ஆப்களைச் சோதித்துக் கொடுக்கிறேன். சோதனைகளை மெஷினே ஓட்டும், முடித்ததும் ரிப்போர்ட்டை நீட்டும். அதில் சிவப்பைத் தேடிப் பிடிப்பது என் சோலி. அவர் போன பிறகும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள், "கல்லு மாதிரி இருக்கா பாரு" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அழுகை வரவில்லை, அதற்கு நான் என்ன செய்ய?

அவர் என் வீட்டுக்காரர். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டினார். ஒரு காலையில் போடிமெட்டுக்கு ஏறும்போது வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நான் சோதிக்கிற ஆப் இந்த மாதிரி வண்டிக்காரர்களுக்கானதுதான். பட்டனை அமுக்கிப் பேசினால் குரல் மறுமுனைக்குப் போகும். மலையில் சிக்னல் இருக்காது. அதனால் பேசியதைப் போன் பிடித்து வைத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்ப வேண்டும். அவருடைய போனிலும் போட்டுக் கொடுத்து, எனக்குப் பேசி அனுப்பிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன் அது. மாற்றச் சொன்னால், "பேசுதுல்ல, விடு" என்பார்.

அந்தப் போன் இப்போது அத்தையிடம், அவருடைய அம்மாவிடம், இருந்தது. அன்று காலையில் அவர் எனக்குப் பேசிய பதிவு ஒன்று போகாமல் அதில் நின்றது. பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். போய்ச் சேராத பதிவை அந்த ஆப்பில் கேட்க முடியாது. வீட்டு வைஃபையில் போட்டும் நகரவில்லை. உள்ளே நோண்டி எடுக்க முடியுமா என்று பஸ் ஸ்டாண்டு மொபைல் கடை அண்ணனிடம் கேட்டேன். "எடுக்கப்போயி அழிஞ்சாலும் அழிஞ்சிரும், பெறகு எம்மேல வருத்தப்படக் கூடாது" என்றார். கூட வந்திருந்த அத்தை வெடுக்கென்று போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். தினமும் சார்ஜ் போட்டு, வட்டம் சுற்றுகிறதா என்று பார்ப்பார். "எம்புள்ள என்னமோ சொல்லியிருக்கான்த்தா" என்பார். நான் உம் கொட்டுவேன்.

அந்தச் சமயத்தில் ஆபீசில் புதிய கவரேஜ் டூல் வாங்கினார்கள். முதல் ரிப்போர்ட்டிலேயே, பழைய டூல் காட்டாத ஒரு கொத்துச் சிவப்பு. பழைய போன்களில் சிக்னல் திரும்பியதும், நின்றுபோன பதிவை மறுபடி அனுப்புகிற வரிகள் அவை. எந்தச் சோதனையும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. எனக்குத் திக்கென்றுகூட இல்லை. ஓ, இங்கேதான் நிற்கிறதா என்று மட்டும் நினைத்தேன்.

டீம் லீடர் போனில் சொன்னார்: "அந்த போனெல்லாம் இப்ப யார்கிட்ட இருக்கு மேடம்? அந்த வரிகளைத் தூக்கிடலாம். ரிப்போர்ட்டும் பச்சையாயிடும்."

"எங்க வீட்டுல இருக்கு."

"அப்ப அதுலயே டெஸ்ட்டை ஓட்டிப் பாருங்களேன்."

"ஓட்டி முடிச்சதும் உங்க டூலு ஆப்பையே கழட்டி எறிஞ்சிட்டுப் போகும். உள்ள இருக்கிறதும் சேந்து போயிரும். அதுல ஓட்ட மாட்டேன். தூக்கவும் கூடாது." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் பாவம், எதுவும் தெரியாதவர். அடுத்த ரிலீஸ் வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார்.

மொபைல் கடை அண்ணன் டப்பாவைக் கிளறி அதே மாடலில் ஒரு போனைத் தேடி, பேட்டரி மாற்றிக் கொடுத்தார். அதில் சிக்னலை நிறுத்திப் பேசவைத்து, பிறகு சிக்னலைத் திறந்துவிடுகிற மாதிரி ஒரு சோதனை எழுதி ஓட்டினேன். சிவப்பெல்லாம் பச்சையானது. ஆனால் பதிவு போகவில்லை. தொட்டால் பச்சை, அவ்வளவுதான். சரியாக வேலை செய்கிறதா என்பது வேறு. பழைய போனில் இல்லவே இல்லாத ஒரு வசதியை அந்த வரிகள் கேட்டு முழித்துக்கொண்டிருந்தன. புரோகிராம் எழுதுகிறவர்களிடம் அனுப்பினேன். திருத்திக் கொடுத்தார்கள். மறுபடி ஓட்டியதும் பதிவு போனது.

திருத்திய ஆப் ரிலீஸான அன்று அத்தை அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அப்டேட் போட்டால் உள்ளே இருப்பது அழியாது என்று எடுத்துச் சொல்லித்தான் போனைக் கேட்டேன். தரவில்லை. தன் மடியில் வைத்துக்கொண்டே, "போடு" என்றார். போட்டேன். வட்டம் சுற்றியது, நின்றது. என் போன் சத்தம் கொடுத்தது.

முதலில் ஜீப் இரைச்சல். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். அப்புறம் அவர்: "ஏ புள்ள, நீ சொன்ன பட்டனை அமுக்கிட்டேன். வேலை செய்யுதா இல்லையான்னு பாத்துச் சொல்லு."

அவ்வளவுதான். அத்தை ஏமாந்துபோவார் என்று நினைத்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கேக்குறான்ல. சொல்லுத்தா."

நான் என் போனில் பட்டனை அமுக்கி, "வேலை செய்யுது" என்றேன். அத்தையின் மடியிலிருந்த போன் சத்தம் கொடுத்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.