எடெல்காவின் தோளைப் பிடித்தவர்கள்

பின்டேர் எடெல்கா வழி தவறுவதில் பிறவி மேதை. அவள் பிறந்ததே வழியில்தான். பிரசவ ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிய அப்பா வேறு பாலத்தில் திரும்பி, டிஸா ஆற்றின் அக்கரையில் ஒரு பூசணித் தோட்டத்தில் போய் நின்றார். எடெல்கா அங்கேயே வந்து சேர்ந்தாள். வந்த இடம் சரிதானா என்று அன்றைக்கும் அவள் விசாரித்ததாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்ப் பழைய துறவிமடத்தில் நடந்த மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தார்கள். துறவிகள் அதைக் கடவுளைத் தேடிக் கட்டினார்களா, அவரிடமிருந்து ஒளிந்துகொள்ளக் கட்டினார்களா என்பது விவாதத்துக்குரியது. முதல் வருஷம் சாக்பீஸ் எடுத்துவரப் போன எடெல்கா, கடைசி மணி அடித்த பிறகு சாக்பீசும் ஒரு பூனைக்குட்டியுமாகத் திரும்பினாள். இரண்டாம் வருஷம் மேல்வகுப்பின் லத்தீன் பரீட்சையில் போய் உட்கார்ந்து, எழுதி, பாஸும் செய்தாள். அவளுடைய வகுப்பாசிரியர் ஹொல்லோ சார், விதியின் விளையாட்டாகப் பூகோள ஆசிரியர். ஆசியாவின் ஆறுகளையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பெண்ணுக்குக் கழிப்பறையிலிருந்து வகுப்புக்கு வரத் தெரியாததைத் தன் உத்தியோகத்துக்கு நேர்ந்த அவமானமாகவே அவர் கருதினார்.

நான்கு வருஷமும் முடிந்தது. படிப்பு முடிகிற வகுப்பு மே மாதத்தில் பள்ளியிடம் விடைபெற வேண்டும். கையில் பூங்கொத்து, தோளில் சின்னப் பை, அதில் கொஞ்சம் உப்புப் பலகாரமும் ஒரு பிடி பள்ளி மண்ணும். முன்னால் நிற்பவர் தோளில் கைவைத்து ஒற்றை வரிசையாகப் பாடிக்கொண்டே வகுப்பு வகுப்பாகப் புகுந்து புறப்பட்டு, ஊர் கூடியிருக்கும் முற்றத்தில் வந்து நிற்க வேண்டும். வைத்த கையை எடுக்கக் கூடாது. வரிசை அறுந்த வகுப்பை ஊர் ஆயுசுக்கும் மறக்காது. குட்டையானவர் முதலில், நெட்டையானவர் கடைசியில். அரசாங்கங்கள் மாறின, கொடிகள் மாறின, இந்தச் சட்டம் மட்டும் மாறவில்லை. வகுப்பிலேயே குட்டை, எடெல்கா.

வகுப்பு அவசரமாகக் கூடியது.

"சார், இவ முன்னாடி நடந்தா நாங்க முற்றத்துக்குப் போய்ச் சேர மாட்டோம். ருமேனியாவுக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றாள் மார்கித். உயரத்தில் இரண்டாவது குட்டை, வாயில் முதலிடம்.

"பரவால்ல. அங்க எங்க சித்தி இருக்காங்க" என்றான் கடைசி நெட்டையான கெர்கோ.

ஹொல்லோ சார் தொண்டையைச் செருமினார். "எடெல்கா, நீயே சொல்லும்மா. ரெண்டாவதா நின்னுக்கிறியா? கீழ மேயர் இருப்பாரு, உங்கப்பா இருப்பாரு..."

"எங்கப்பா வந்து சேர்ந்தாத்தானே சார்" என்றாள் எடெல்கா. பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "நாலு வருஷமா எல்லாருக்கும் கடைசியாத்தான் சார் வந்து சேர்ந்திருக்கேன். ஒரே ஒரு நாள் முன்னாடி நடந்துக்கிறேனே."

ஹொல்லோ சார் பட்டியலில் அவள் பெயரையே முதலில் எழுதினார். மார்கித் மட்டும் வெளியே வந்ததும் அவளை ஓரமாக இழுத்துப் போனாள். "இங்க பாருடி. உன் தோள்ல இருக்கப்போறது என் கை. இடது பக்கம்னா கிள்ளுவேன், வலதுன்னா தட்டுவேன். நீ எதையும் யோசிக்காத."

"நடுவுல நீ அழுதுட்டா?"

"நானா? அழுதா என் பேரை மாத்திக் கூப்பிடு."

சனிக்கிழமை வரிசை புறப்பட்டது. முதல் மாடி கனகச்சிதம். கிள்ளினால் இடம், தட்டினால் வலம். கரும்பலகையடியில் நின்ற ஹொல்லோ சார் நான்கு வருஷத்தில் முதல்முறையாக அவளைப் பெருமையாகப் பார்த்தார். பிறகு வரிசை தங்களுடைய முதல் வருஷ வகுப்பறைக்குள் நுழைந்தது. மார்கித் எறிந்த மைக்கூடு சுவரில் பதித்த கறை அப்படியே இருந்தது. இரண்டு தடவை வெள்ளையடித்தும் போகாத கறை. மார்கித் அதைப் பார்த்தாள்.

வந்த அழுகையில், எடெல்காவின் தோளில் இருந்த கைக்கு இடம் வலம் மறந்துபோனது. கிள்ளியது, தட்டியது, மறுபடி கிள்ளியது, மொத்தமாகப் பிசைந்தது. எடெல்கா ஒவ்வொன்றுக்கும் உண்மையாகக் கீழ்ப்படிந்தாள். இடம், வலம், இடம், ஒரு கதவு, படிகள், இன்னும் படிகள்.

"ஏய், என்னடா இருட்டிக்கிட்டு வருது?" கடைசியிலிருந்து கெர்கோவின் குரல்.

"பாடுடா. கையை எடுக்காத" என்றான் அவனுக்கு முன்னால் நின்றவன்.

நிலவறையில், அணைந்து கிடந்த கொதிகலன் பக்கத்தில், அதற்குக் கரி போடும் பள்ளி ஊழியர் பாலின்ட் மாமா பன்றிக்கொழுப்பையும் வெங்காயத்தையும் நறுக்கித் தின்றுகொண்டிருந்தார். எடெல்காவைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியமே இல்லை. "என்னம்மா, மறுபடியும் சாக்பீஸா?" என்றார். அவளுக்குப் பின்னால் இன்னொரு தலை வந்தது. பிறகு இன்னொன்று. வரிசை வந்துகொண்டே இருந்தது. மாமா கத்தியைக் கீழே வைத்தார், எழுந்தார், தொப்பியைக் கழற்றினார்.

இந்த வகுப்பு நான்கு வருஷத்தில் ஒரு பாட்டையும் சுருதியோடு பாடியதில்லை. சங்கீத ஆசிரியை இவர்களால்தான் வேலையை விட்டார் என்றொரு வதந்தியும் உண்டு. ஆனால் துறவிகள் வளைத்துக் கட்டிய அந்தக் கல்கூரை, அத்தனை கரகரப்பையும் வாங்கி, பிசைந்து, ஒரே குரலாகத் திருப்பிக் கொடுத்தது. பாடியவர்களுக்கே மயிர் சிலிர்த்தது. இது நாமா? மேலே முற்றத்தில் தலைமையாசிரியர், இளைஞர்கள் உயர உயரப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தபோது, ஊராரின் செருப்புக்கடியில், நிலவறைக்குக் காற்றுவிட வைத்திருந்த இரும்புச் சட்டங்கள் வழியாகப் பாட்டு எழுந்து வந்தது. தலைமையாசிரியர் நிறுத்தினார். மேயர் காலைத் தூக்கிப் பார்த்தார். கைத்தடி ஊன்றிய ஓர் அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எடெல்... எங்கடி இருக்கோம்?" என்று மார்கித் விசும்பினாள்.

பிறந்ததிலிருந்து எடெல்காவிடம் ஒருவரும் வழி கேட்டதில்லை. அவள் சுற்றிலும் பார்த்தாள். பூனைக்குட்டி கிடைத்த இடம் இது. அதற்கப்பால் கரி கொட்டும் சரிவு. அதன் மேலே கதவு. அவளுக்கு ஒரு பெரிய உண்மை அப்போதுதான் விளங்கியது. சரியான வழியிலேயே போனவர்கள் இந்தப் பள்ளியில் ஒரு வழியைத்தான் பார்த்திருக்கிறார்கள். மற்றதையெல்லாம் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

சரிவில் ஏறிக் கதவைத் தலையால் முட்டித் திறந்தாள். பள்ளியின் பின்புறம். அங்கே கையில் பூங்கொத்தோடு, நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, அவளுடைய அப்பா ஒரு முள்வேலியைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"அப்பா, இங்க என்ன பண்றீங்க?"

"இதானம்மா வாசல்?" என்றார் அவர்.

"ஆமாப்பா. கடைசில போய் நில்லுங்க."

அவர் காத்திருந்து, கரிபூசிய வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியேறியதும், எட்டிக் கெர்கோவின் தோளைப் பிடித்துக்கொண்டார். வரிசை அறுபடாமல் முற்றத்துக்குள் நுழைந்தது. ஊர் எழுந்து நின்றது. ஹொல்லோ சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லா வகுப்புகளும் நிலவறை வழியாகத்தான் போகின்றன. அது துறவிகள் காலத்து மரபு என்று இப்போதைய தலைமையாசிரியர் வருஷாவருஷம் விளக்குகிறார். எடெல்கா சிற்றூர்களுக்குப் போகும் குட்டி ரயிலில் டிக்கெட் பரிசோதகரானாள். தண்டவாளம் போகும் இடத்துக்குத்தான் ரயில் போகும் என்பதால். அன்றைய குளறுபடி யாருடையது என்று அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

வகுப்பு மறுபடி கூடும் நாட்களில் எடெல்கா வந்து சேரும்வரை யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். சூப் ஆறும். கடைசியில் அவள் எதிர்பாராத ஏதோ ஒரு கதவு வழியாக வருவாள். ஊரில் எல்லாருக்கும் புத்தி சொல்லும் மார்கித் அப்போது பேச்சை நிறுத்திவிட்டு எழுந்துபோய், பின்னாலிருந்து அவள் தோளில் கை வைப்பாள். கிள்ள மாட்டாள்.