பீஸ் போன பல்பும் ஒரு முருகனும்

ஐம்பதுகளின் பிற்பாதியில் ஆலங்குடியில் ஒரு பையன் சினிமா முதலாளி ஆவதற்குக் கண்ணாடி, வெள்ளை வேட்டி, வெட்டுப்பட்ட பிலிம், பீஸ் போன பல்பு ஆகியவை போதும். முதல் இரண்டும் அப்பாவுடையவை, ஆகவே என்னுடையவை. பிலிம் துண்டுகள் டூரிங் டாக்கீஸுக்குப் பின்னாலிருந்த குப்பையில் கிடைத்தன. பல்புதான் கிடைக்கவில்லை. எங்கள் தெருவுக்கு அப்போதுதான் கரண்டு வந்திருந்தது. எல்லா வீட்டுப் பல்பும் புதிது. எல்லாம் எரிந்து தொலைத்தன.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே பல்பு. அந்தி சாய்ந்ததும் அம்மா சுவிட்சைப் போட்டுவிட்டு அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவாள். பக்கத்தில் நின்று நானும் கும்பிடுவேன். அது நீண்ட நாள் எரிய வேண்டும் என்பது அம்மாவின் வேண்டுதல். என்னுடையது வேறு. இரண்டு மனுக்களையும் கொஞ்ச காலம் வைத்திருந்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பல்பு என் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

வெள்ளிக்கிழமை என்பதுதான் வினையாகப் போயிற்று. விளக்கு வைக்கிற நேரத்தில் விளக்கு போனதை அம்மாவின் மனசு ஏற்கவில்லை. அப்பா புதுப் பல்பை மாட்டியதும், பழையதை ஈரத்துணியால் துடைத்துக் குங்குமம் வைத்து, சாமி மாடத்தில் படங்களுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டாள்.

"அது பீஸ் போனதும்மா. எனக்குக் குடும்மா."

"இத்தனை நாளு வீட்டுக்கு வெளிச்சம் குடுத்த லெச்சுமிடா அது. ஒனக்கு வெளையாட்டுச் சாமானா?"

எப்படியும் பல்பு தேறிவிடும் என்ற நம்பிக்கையில், ஞாயிற்றுக்கிழமை படம் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். டிக்கெட் ஒரு கைப்பிடி வறுத்த கடலை. வசூலான கடலையைத் தின்றும் முடித்திருந்தேன். படம் ஓடாவிட்டால் திருப்பிக் கொடுக்க என்னிடம் தோல்கூடக் கிடையாது.

சனிக்கிழமை முழுக்க யோசித்து ஒரு பாயிண்டைப் பிடித்தேன்.

"சும்மா கெடக்குற விளக்குக்குள்ள சூரிய வெளிச்சத்தையே ஏத்தப் போறேம்மா. மறுபடி எரிஞ்ச மாதிரிதானே?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மொதப் படம் சாமி படமா?"

"சாமி படந்தாம்மா."

"அப்ப நானும் வந்து பாப்பேன். இல்லேன்னா பல்பு திரும்ப மாடத்துக்குப் போயிரும்."

என் கையிருப்பில் சாமி இல்லை. கத்திச் சண்டை இருந்தது, அழுகிற கதாநாயகி இருந்தாள், அருமையான வெள்ளைக் குதிரை ஒன்று இருந்தது. மயிலோடு நிற்கும் முருகன் இருந்தது என் வகுப்புத் தோழனிடம். கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்து எங்கள் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாயின் மகன் அவன். வியாபாரம் ரத்தத்தில் இருந்தது.

"முருகன் வேணும்னா குதிரையக் குடு."

"கத்திச் சண்டை தாரேன்டா."

"சண்டை எங்கிட்ட நெறையக் கெடக்கு. ஒங்க சாமிக்கு ஒரு குதிரை குடுக்க மனசு வரலையாடா ஒனக்கு?"

குதிரை கைமாறியது.

பல்பின் அடிப்பாகத்தைத் தட்டி, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டுத் தண்ணீர் ரொப்பினேன், அம்மா பார்க்காத நேரமாக. ஞாயிறு உச்சி வேளையில் அறையை இருட்டாக்கி, சுவரில் வேட்டியைக் கட்டியாயிற்று. தோழன் வெயிலில் நின்று கண்ணாடியால் வெளிச்சத்தை ஜன்னல் இடுக்கு வழியே உள்ளே அனுப்பினான். அந்த வெளிச்சத்தில் நான் பிலிமையும் அதற்கு முன்னால் பல்பையும் பிடிக்க வேண்டும். தண்ணீர்ப் பல்பு எதையும் தலைகீழாகத்தான் காட்டும் என்பதால் பிலிமைத் தலைகீழாகப் பிடிப்பது வழக்கம். கடைத்தெருப் பையன்கள் ஓட்டிய படங்களைப் பார்த்து, இது எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

"டேய், சாமியத் தலைகீழாவா புடிக்கிற? நேராப் புடிடா!"

பல்பின் சொந்தக்காரி சொன்னால் மறுக்க முடியுமா? நேராகப் பிடித்தேன். வேட்டியில் முருகன் தலையை ஊன்றி நின்றார். அவருக்குப் பக்கத்தில், கால்களை ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு மயில்.

"முருகன் குட்டிக்கரணம் போடுறாரு டோய்!" என்று கூட்டம் கத்தியது. அம்மா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெளியிலிருந்து தோழனின் குரல் வந்தது. "அத்தை, கையில தலைகீழா இருந்தாத்தான் அவரு அங்கிட்டு நேரா நிப்பாரு. திருப்பச் சொல்லுங்க, எனக்குக் கை வலிக்கிது."

இரண்டு இடத்திலும் நேராக நிற்க விஞ்ஞானம் இடம் கொடுக்கவில்லை. அம்மா வேட்டியையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் மாடத்தை நினைத்துக்கொண்டேன்.

"சரி, திருப்பு" என்றாள் கடைசியில். "இருட்டுல ஒங் கையி யாருக்குத் தெரியுது? நாலு பேரு பாக்குற எடத்துல சாமி நேரா நிக்கட்டும்."

முருகன் நேராக நின்றார். எல்லாரும் கும்பிட்டோம். சாமி படம் முடிந்தது; இனி அம்மா எழுந்துபோவாள், கூடவே பல்பும் போகும் என்று பயந்துகொண்டே பிலிமை எடுத்தேன். அம்மா எழுந்தாள்தான். முன்வரிசையில் இருந்த இரண்டு பயல்களை நகர்த்திவிட்டு நடுவில் உட்கார்ந்தாள்.

"அடுத்து என்னடா?"

"கத்திச் சண்டைம்மா."

"அதையும் ஒழுங்காத் தலைகீழாப் புடி."