பேப்பர் வெயிட்டுக்கு அடியில் கிடந்த என் வெளிநாடு

ஒரு மனிதரை என் கண்ணில் படாத தேசத்துக்குத் துரத்திவிட வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டேன். அழுது கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டும் கேட்டேன். பதில் வந்தது. அதனால்தான் இன்று கடல் கடந்து உத்தியோகம் பார்க்கிறேன். லீவில் பெங்களூர் வந்த இடத்தில் நம் சபைப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். அன்பான சபையாரே, இது அழகான சாட்சி அல்ல. ஆனால் நடந்த சாட்சி.

அந்த மனிதர் பெயர் பாக்கியநாதன். நான் குமாஸ்தாவாக இருந்த சர்க்கார் ஆபீசில் சூப்பரின்டென்டென்ட். நம் ஆலயத்தில் முன்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்காருவாரே, அவரேதான். பெயரை மறைத்து எழுதலாமே என்றாள் என் மனைவி ரோஸ்லின். மறைத்தாலும் உங்களுக்கு யார் என்று தெரிந்துவிடும். வீண் வேலை எதற்கு?

வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னை நிற்க வைத்துக் கேட்டார். "அப்பா என்ன பண்றாரு?"

"கோலார் தங்கவயல்ல சுரங்க வேலை சார்."

"அதான் ஃபைலை இப்படித் தோண்டறியா?"

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குப் பயம் வந்தால் சிரிப்புத்தான் வரும். வீட்டுக்கு வந்ததும் முடிவு கட்டினேன். இந்த மனிதருக்கு மேலே ஒரு நாற்காலியில் உட்காராமல் விடப்போவதில்லை.

அதற்காகத்தான் பொது நிர்வாகம் படித்தேன். தேசத்துக்கு உழைக்க என்று பிற்பாடு இண்டர்வியூவில் சொன்னது வேறு. வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் தனியாகப் பரீட்சை எழுதி எம்.ஏ. வாங்கினேன். பெங்களூரில் நாங்கள் குடியிருந்த லிங்கராஜபுரம் அப்போது பாதி வீடு, பாதி வயல். விடியற்காலையில் தவளைச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, யார் யாருக்கு உத்தரவு போடலாம், ஒரு காகிதம் எத்தனை கை மாறினால் போதும், எல்லா அதிகாரத்தையும் ஒருவரே பிடித்து வைத்துக்கொண்டால் ஆபீஸ் எப்படிச் செத்துப்போகும் என்று படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் பாக்கியநாதன் சாரின் முகம் தெரிந்தது. அவ்வளவு ஆசையாக எந்த மாணவனும் படித்திருக்க மாட்டான்.

படித்ததை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் நான். "சார், ஃபைலெல்லாம் உங்ககிட்டயே வந்து நிக்குதே, அதுக்கு எங்க புஸ்தகத்துல ஒரு பேரே இருக்கு" என்பேன்.

"பொது நிர்வாகம் படிச்சவரே, காத்து அடிக்குது பாருங்க. மொதல்ல அந்த ஜன்னலை நிர்வாகம் பண்ணுங்க" என்பார் அவர்.

போய்ச் சாத்துவேன். டீ நேரத்தில் அவரைப் போலவே நடந்து, அவரைப் போலவே இருமிக் காட்டுவேன். ஒருநாள் எல்லோரும் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் கதவோரம் அவர் நிற்கிறார். ஒரு தடவை இருமிவிட்டுப் போனார்.

ஆப்பிரிக்காவில் தேசம் தேசமாக விடுதலை வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. கொடி ஏற்றியாகிவிட்டது. மறுநாள் காலையில் ஆபீசைத் திறந்து வரி வாங்கவும், பிறப்பு இறப்பு எழுதவும், வாத்தியாருக்குச் சம்பளம் போடவும் ஆட்களைப் பழக்க வேண்டுமே. பல தேசங்கள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பு அதற்கு ஆள் கேட்டு விளம்பரம் செய்திருந்தது. பொது நிர்வாகத்தில் பட்டமும் சர்க்கார் ஆபீஸ் அனுபவமும் வேண்டும். எங்கள் கட்டடத்தில் இரண்டும் உள்ளவன் நான் ஒருவன்தான். ஆனால் சர்க்கார் ஊழியன் நேராக விண்ணப்பம் போட முடியாது. மேலதிகாரி சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

மேலதிகாரி யார் என்று உங்களுக்கே தெரியும்.

விண்ணப்பத்தை மேலும் கீழும் பார்த்தார். "உங்கப்பா பூமிக்குள்ள எறங்குனாரு. நீ ஆகாசத்துல ஏறப் பாக்கறியா?" என்றார். அதை மேசை மேல் போட்டு, உள்ளே சிவப்புப் பூ வைத்த கண்ணாடி பேப்பர் வெயிட்டைத் தூக்கி அதன்மேல் வைத்தார். "இருக்கட்டும். ஜல்தி என்ன?"

அப்பா தங்கத்தைத் தோண்டித் தோண்டி இருமலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவரைச் சொன்னதும் எனக்குக் கண் இருட்டியது. அன்று சிரிப்பு வரவில்லை.

கடைசித் தேதி நெருங்கிக்கொண்டே வந்தது. காகிதம் நகரவில்லை. மைக்கூடு நிரப்பப் போவேன், காலண்டர் தாள் கிழிக்கப் போவேன், இல்லாத பூனையை விரட்டப் போவேன். எல்லாம் அந்தப் பேப்பர் வெயிட்டைப் பார்க்கத்தான். ஒருநாள் ஆபீசில் அவரை "ஆண்டவரே" என்று கூப்பிட்டுவிட்டேன். அன்று வீட்டு ஜெபத்தை "சார், வணக்கம்" என்று ஆரம்பித்தேன். இவ்வளவு தைரியசாலியைத்தான் ஒரு தேசத்துக்கு நிர்வாகம் சொல்லிக்கொடுக்க அனுப்ப வேண்டியிருந்தது.

வேறு வழியில்லாமல் அவருக்கு விரோதமாகவே ஜெபிக்கத் தொடங்கினேன். சில்லறையாக ஆரம்பித்தேன். அவர் குடை காற்றில் மடங்கட்டும். அவருக்கு வயிறு கலங்கட்டும். சிவாஜிநகர் மார்க்கெட்டில், கறிக்கடைக்காரர்கள் பார்க்க, அவர் சைக்கிள் செயின் கழலட்டும். சமையற்கட்டிலிருந்து ரோஸ்லின் தலையை நீட்டினாள்.

"இன்னாங்க, ஜெபம் பண்றீங்களா, போலீஸ்ல புகார் குடுக்கறீங்களா?"

"ரெண்டுந்தான். நீ ஆமென் மட்டும் சொல்லு."

"அந்தாளு சம்சாரம் எனக்கு ஃபிரண்டுங்க. குடைக்கு மட்டும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரமே என் குடை மடங்கியது. மறுநாள் என் வயிறு கலங்கியது. பதில் வருகிறது, விலாசம்தான் மாறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசித் தேதிக்கு முந்தின ஞாயிறு, நற்கருணை ஆராதனை. பந்திக்குப் போய் முழங்காலிட்டேன். பக்கத்தில் இருமல் கேட்டது. பாக்கியநாதன் சார். திராட்சரசப் பாத்திரம் அவரிடம் போய்விட்டு என்னிடம் வந்தது. ஒரே பாத்திரம். என் விண்ணப்பத்தை அமுக்கி வைத்திருக்கும் கை அதற்குமுன் அதைத் தொட்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனிமேல் குடை, வயிறு எல்லாம் வேண்டாம் என்று தீர்மானித்தேன். "ஆண்டவரே, என்னால் ஆகவில்லை. இந்த மனிதன் என் கண்ணில் படாத தேசத்துக்கு இவனை அனுப்பிவிடும்" என்றேன். சத்தமில்லாமல் அழுதேன். அவரும் தலை குனிந்தபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கூப்பிட்டார். பேப்பர் வெயிட் ஓரத்தில் தனியாக இருந்தது. விண்ணப்பத்தை என்னிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போட்டாச்சு. மகா கெட்டிக்காரன், இவனை விட்டுக் குடுக்கவே மனசில்லைன்னு எழுதியிருக்கேன். பொய் எழுதுனதுக்கு ஆண்டவர் என்னை மன்னிப்பாரு."

"எப்படி சார், திடீர்னு..."

"உன்னால எனக்கு எவ்வளவு பேஜார் தெரியுமா? என் சொந்த ஆபீஸ்ல இரும முடியலப்பா. நேத்து பந்தியில முட்டி போட்டுக் கேட்டேன். இவன் என் கண்ணுல படாத தேசத்துக்கு இவனை அனுப்பிடும் ஆண்டவரேன்னு. எழுந்திருக்கறதுக்குள்ள பதில் வந்துருச்சு. காகிதம் உன் மேசை மேலதானே கெடக்கு, அனுப்ப வேண்டியவன் நீதானேன்னு."

அவர் கேட்டதும் நான் கேட்டதும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகள். ஒருவரை ஒருவர் ஒழிக்கக் கேட்ட இரண்டு மனுக்களை ஆண்டவர் ஒரே உத்தரவில் தீர்த்து வைத்திருக்கிறார். இவ்வளவு சுருக்கமான நிர்வாகத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

விண்ணப்பத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் பறந்தேன். சிவாஜிநகர் மார்க்கெட்டில், கறிக்கடைக்காரர்கள் பார்க்க, என் சைக்கிள் செயின் கழன்றது. தள்ளிக்கொண்டே ஓடினேன். விண்ணப்பம் அன்றே போய்விட்டது.

டில்லியில் இண்டர்வியூ. பெரிய மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். ஆபீசில் வேலை தாமதமாக முக்கியக் காரணம் என்ன என்று கேட்டார். படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. கண் முன்னால் சிவப்புப் பூ வைத்த பேப்பர் வெயிட் மட்டும் நின்றது. அதையே சொன்னேன். கை தானாக எழுந்து, இருமலோடு சேர்த்து நடித்தும் காட்டிவிட்டது. வெள்ளைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தம் ஊர் ஆபீசிலும் அந்த மனிதர் இருக்கிறார் என்றார். அவரை எப்படிச் சரிசெய்வாய் என்று அடுத்துக் கேட்டார். அப்போதுதான் பட்டம் கை கொடுத்தது. யார் எதில் கையெழுத்துப் போடலாம் என்று கீழே பிரித்துக் கொடுப்பது, தவணை தாண்டினால் காகிதம் தானாக அடுத்த மேசைக்குப் போவது என்று தவளைச் சத்தத்தில் படித்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. தாமதத்தைக் காட்டிக்கொடுத்தது பாக்கியநாதன் சார். மருந்தைச் சொல்லிக்கொடுத்தது படிப்பு. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் எனக்கு வேலை இல்லை.

இன்றைக்கு நான் பழக்கிய பிள்ளைகள் அங்கே ஜில்லா ஜில்லாவாக ஆபீஸ் நடத்துகிறார்கள். என் மேசையில் பேப்பர் வெயிட் கிடையாது. காற்றடித்தால் காகிதம் பறக்கும். பறக்கட்டும், நகர்கிறதே. பழிவாங்கும் ஆசை போய்விட்டதா என்று கேட்பீர்கள். முதல் வகுப்பிலேயே பாக்கியநாதன் சாரின் கதையைச் சொல்லித்தான் பாடத்தை ஆரம்பிக்கிறேன். அந்தத் தேசத்தில் ஒரு காகிதம் ஒரே இடத்தில் கிடந்தால், "இதைப் பாக்கியநாதன் பண்ணாதே" என்கிறார்கள். ஒரு மந்திரி சொல்லிக்கூடக் கேட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரிட்டையர் ஆகி இளைத்துப்போயிருக்கிறார்.

"அங்கே என்னை நெனைக்கறதுண்டாப்பா?"

"ஒரு தேசமே உங்க பேரைச் சொல்லுது சார்."

அவர் கண் கலங்கிவிட்டது. மேற்கொண்டு விவரம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விவரம் இதோ, மேலே இருக்கிறது. இந்தப் பத்திரிகையை அவர் ஒரு வரி விடாமல் படிப்பவர். இது அச்சாகி வரும்போது நான் கப்பலில் இருப்பேன்.

இப்போதும் தினமும் அவருக்காக ஜெபிக்கிறேன். நல்ல சுகத்தோடு நெடுங்காலம் அவரை வைத்திரும், பெங்களூரிலேயே வைத்திரும் என்று. என் அப்பாவை இறக்கிப் பேசிய வாயிலிருந்தே என்னை ஏற்றிவிடும் வார்த்தையை வரவழைத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்.

படிக்கும் பிள்ளைகளே, பொது நிர்வாகம் குமாஸ்தா பிரமோஷனுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். உலகமெங்கும் ஆபீஸ் திறக்க ஆள் தேடுகிறார்கள். நெஞ்சு எரிந்துகொண்டிருக்கும் சபையாரே, அந்த எரிச்சலை மறைக்காமல் அப்படியே ஆண்டவரிடம் கொண்டுபோங்கள். முடிந்தால் அந்த ஆள் பக்கத்திலேயே முழங்காலிடுங்கள். நிச்சயம் கேட்பார். துணிமணியை மட்டும் முன்கூட்டியே பெட்டியில் அடுக்கி வைத்திருங்கள். இரண்டு பேரில் யாரை அனுப்புவார் என்று சொல்ல முடியாது.